பொது நீரும் தனி வேகமும்

நுவரெலியாவின் கிரகரி ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. சேர் வில்லியம் கிரகரி இலங்கையின் தேசாதிபதியாயிருந்த காலத்தில், 1873 ஆம் ஆண்டு, ஓடை நீரைத் தேக்கி, சதுப்பாய்க் கிடந்த பள்ளத்தில் அஃது அமைக்கப்பட்டது. 1875 இல் குதிரைப் பந்தயத் திடலும், 1876 இல் ஹில் கிளப்பும், 1889 இல் கோல்ப் திடலும் தோன்றின. தோட்டத் துரைமாரும் கொழும்பு உயர் உத்தியோகத்தரும் சமவெளியின் வெப்பத்தினின்று தப்பி இளைப்பாறுவதற்கென ஓர் ஊர் சமைக்கப்பட்ட கதையை இவ்வாண்டுகளே கூறிவிடும். அவ்விளைப்பாறலுக்கு வேண்டிய செல்வத்தை ஈட்டிக் கொடுத்தோர், மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டுவழியே கால்நடையாய் வந்த தென்னிந்தியத் தொழிலாளர் ஆவர். ஏரியின் வரலாற்றை உரைக்கும் கையேடுகள் தேசாதிபதியின் பெயரோடு நின்றுவிடுகின்றன.

இன்று அவ்வேரியில் அன்னப்பறவை வடிவிலான மிதிபடகுகள் உண்டு; கரையில் மட்டக்குதிரைச் சவாரி உண்டு; இவற்றோடு வாடகைக்கு விடப்படும் ஜெட் ஸ்கியும் உண்டு. ஜெட் ஸ்கி என்பது யப்பானிய நிறுவனமாகிய கவசாக்கி 1970களின் தொடக்கத்தில் தன் உற்பத்திக்கு இட்ட வணிகப் பெயர்; இப்போது நீர்மேல் ஓடும் மோட்டார் சைக்கிள் எதற்கும் அதுவே பெயராய் நிலைத்துவிட்டது. பணம் செலுத்தியவர் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறுகிறார். சில நிமிடம் ஏரியைக் கிழித்துச் சுற்றி வருகிறார். இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்புகிறார். இவ்வளவில் யாருக்கு என்ன கேடு என்று வினவுவோர் உளர். கேடு உண்டு என்பதும், கிரகரி ஏரியில் இவ்வாடகைத் தொழில் நிறுத்தப்படுதல் வேண்டும் என்பதும் ஈண்டு வற்புறுத்தப்படுகின்றன.

முதலில் எந்திரத்தை நோக்குவோம். நீரை உறிஞ்சிப் பின்புறமாய்ப் பீச்சியடிக்கும் விசையினால் அஃது ஓடுகிறது. திரும்புவதும் அப்பீச்சலின் திசையை மாற்றுவதனாலேயே. ஆகவே விசையைத் தளர்த்தியவுடன், பழைய அமைப்புடைய எந்திரங்கள் கைப்பிடியின் சொற்கேளாமல் நேரே சென்றுவிடும். எதிரே படகைக் கண்டு அஞ்சிய புதியவர் இயல்பாகச் செய்வது விசையை விடுதலே; அதனாலேயே அவர் மோதுகிறார். ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 1998 இல் வெளியிட்ட ஆய்வு, வாடகைக்கு எடுத்து ஓட்டுவோரின் பயிற்சியின்மையைச் சிறப்பாக எடுத்துக்காட்டியது. ஏனைய படகு விபத்துக்களில் மூழ்கி இறப்போரே மிகுதியாக, இவ்வெந்திரங்களின் விபத்துக்களில் மோதுண்டு இறப்போரே மிகுதி என்பதும் அவ்வாய்விற் புலனாயிற்று. கிரகரி ஏரியில், குழந்தைகளை ஏற்றிய மிதிபடகும், கால்மணி நேரத்துக்கு முன் முதன்முதலாக எந்திரத்தைத் தொட்டவரும் ஒரே நீர்ப்பரப்பில் விடப்படுகின்றனர். மிதிபடகு ஓடி விலக வல்லதன்று.

அடுத்தது எண்ணெய். பழைய ஈரடிப்பு எந்திரங்கள் தாம் குடிக்கும் எரிபொருளில் நாலிலொரு பங்கு வரையில் எரிக்காமலே நீரில் உமிழ்ந்துவிடும். அமெரிக்காவின் தாஹோ ஏரியில் இத்தகைய எந்திரங்கள் 1999 இல் தடைசெய்யப்பட்டமைக்கு இதுவே காரணம். புதிய நாலடிப்பு எந்திரங்கள் இக்குற்றத்திற் பெரிதும் நீங்கியவை என்பதை ஒப்புக்கொள்ளல் நேர்மை. ஆயினும் எந்திரம் நீரைக் கலக்கும் தன்மையிலிருந்து அவையும் நீங்கியவையல்ல. பெந்தோட்டையிலோ பிற கடற்கரைகளிலோ கலங்கிய நீரைக் கடல் வாங்கிக் கொள்ளும். மலைகள் சூழ்ந்த கிரகரி ஏரிக்கோ அத்தகைய வடிகால் இல்லை. சுற்றுப்புற மரக்கறித் தோட்டங்களின் மண்ணும் உரமும், நகரின் கழிவும் ஏற்கனவே அதில் வந்து படிகின்றன. படிந்த வண்டலைக் கிளறுவது ஏரிக்குச் செய்யும் உபகாரமாகாது. ஏரியை நீங்கும் நீர் நானு ஓயாவாய்த் தேயிலைத் தோட்டங்களிடையே இறங்கிக் கொத்மலை ஓயாவையும், அதன்வழி மகாவலியையும் சேர்கிறது. மேலே களிப்போர் எவர், கீழே அந்நீரில் துணி துவைப்போர் எவர் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டுவதற்குப் பல்லாண்டுப் போராட்டமும் 2021 ஆம் ஆண்டும் வேண்டியிருந்தன. 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. சில நிமிட எந்திரச் சவாரி அத்தகைய நாட்கூலி ஒன்றை எளிதில் விழுங்கிவிடும். சித்திரைப் பருவகாலத்தில் நானுஓயாவிலிருந்தோ லபுக்கலையிலிருந்தோ, கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி தன் பிள்ளைகளோடு பஸ் ஏறி ஏரிக்கரைக்கு வருகிறாள் எனக் கொள்வோம். அவளுக்கு அவ்வேரி தரக்கூடியவை இரண்டே: கண்ணுக்கு நீர், காதுக்கு அமைதி. லயன் அறையில் அடுத்த வீட்டுப் பேச்செல்லாம் சுவரூடே கேட்க வாழ்பவளுக்கு இரண்டாவது சிறிய பொருளன்று. எந்திரத்தில் அமர்ந்த ஒருவரின் பத்து நிமிடம், கரையில் இருக்கும் நூற்றுக்கணக்கானோரின் பத்து நிமிடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. விலை கொடுத்தவரோ தம் பங்குக்கு மட்டுமே கொடுத்திருக்கிறார்.

“மலையக இளைஞனும் காசு சேர்த்து அதில் ஏறுகிறானே, அவனுக்கு மட்டும் அவ்வின்பம் மறுக்கப்படலாமா?” என்பது எதிர்த்தரப்பின் வலிமை மிக்க வாதம். துரைமார் களித்த ஊரில் தொழிலாளியின் மகன் களிக்கக் கூடாதென்று சொல்வோர் எவரும் மதிக்கத்தக்கவரல்லர். ஹில் கிளப் நெடுங்காலம் உள்நாட்டவரை உள்ளே விடாதிருந்ததை மறந்துவிட்டும் இதனைப் பேசலாகாது. ஆனால் அவ்விளைஞன் ஆண்டுக்கொரு முறை ஏறுவதனால் ஏரி அவனுடையதாகிவிடவில்லை. அவனுடைய தாயும் தங்கையும் கரையிலேயே நிற்கின்றனர். கிளப்பின் வாயிற்காவலன் செய்த வேலையை இங்கே கட்டணப் பலகை செய்கிறது. ஒரு நாளைக்கு ஒருவனை உள்ளே விடுவதும் அதன் தொழிலில் அடங்கும்.

வேலைவாய்ப்பு என்பது மற்றொரு வாதம். கருத்தரங்கு மேடைகளில் “சுற்றுலா வழி அபிவிருத்தி” என்ற தொடரை உச்சரிப்போர், எந்திரம் எவருடைய முதலீடு, கரையில் நின்று அதைத் தள்ளிவிடும் பையனுக்குக் கிடைப்பது என்ன, பருவகாலம் முடிந்தபின் அவன் எங்கே போகிறான் என்று கேட்பதில்லை. துடுப்புப் படகுக்கு மனிதக் கை வேண்டும். ஒரு குடும்பத்தை ஏற்றி ஏரியைச் சுற்றி வரும் படகோட்டி, அரைமணி நேர உழைப்புக்குக் கூலி பெறுகிறான். விலையுயர்ந்த எந்திரமோ பெருமுதலுடையோர்க்கே எட்டுவது. அதன் வருவாயிற் பெரும்பங்கு அவர்களையும் எரிபொருள் நிலையத்தையுமே சென்றடையும். வேலைவாய்ப்பே நோக்கமாயின் எந்திரத்தைக் குறைத்துத் துடுப்பைக் கூட்டுதலே முறை.

சட்டத்தின் துணையும் இல்லாமலில்லை. எப்பாவல பொசுபேற்று வழக்கில் 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, நாட்டின் இயற்கை வளங்களை அரசு மக்களின் பொருட்டுப் பாதுகாக்கும் கடப்பாடுடையது என்ற கோட்பாட்டை வலியுறுத்தியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துச் சான் யுவான் மாவட்டம் 1996 இல் இவ்வெந்திரங்களைத் தன் நீர்ப்பரப்பிற் தடைசெய்தபோது, அதனை எதிர்த்த வழக்கு 1998 இல் அம்மாநில உயர் மன்றத்திற் தோற்றது. மோட்டார்த் தொழிலின் தாயகத்திலேயே செல்லுபடியான தடை, நுவரெலியாவில் நடைமுறைக்கு ஒவ்வாது என்பது வாதமாகாது.

இது கிரகரி ஏரியோடு முடியும் காரியமும் அன்று. அட்டனுக்கு அப்பால் 1965 இல் அமைந்த காசல்ரீ நீர்த்தேக்கமும், 1969 இல் அமைந்த மவுசாக்கலை நீர்த்தேக்கமும் உள்ளன. மவுசாக்கலையின் நீருக்கடியில் பழைய மஸ்கெலியா நகர் கிடக்கிறது. வறட்சியில் நீர் வற்றும்போது அதன் கோயிலின் எச்சங்கள் வெளியே தெரிகின்றன. காசல்ரீயில் நீர்விமானம் இறங்கியாயிற்று. அதன் கரையில் துரைமாரின் பங்களாக்கள் விடுதிகளாகியும் விட்டன. கிரகரி ஏரியில் எது வழக்கமாகிறதோ அதுவே இந்நீர்நிலைகளுக்கும் முன்னுதாரணமாகும்.

ஆதலின் ஏரியை நிருவகிப்போர் எந்திர வாடகைக்கு உரிமம் வழங்குவதை நிறுத்தி, துடுப்பையும் மிதிபடகையும் மட்டும் அனுமதித்தல் வேண்டும். எந்திரத்தால் இதுவரை பிழைத்த கூலியாட்களுக்கு அப்படகுகளில் முதலிடம் அளித்தல் வேண்டும். மீட்புப் படகொன்றுக்கு மோட்டார் இருந்துவிட்டுப் போகட்டும். இத்தீர்மானம் சித்திரைக்கு முன் எடுக்கப்படுவதே நன்று. பருவகாலம் தொடங்கிவிட்டால் ஏரிக்கரையில் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது.