விண்கல் வழக்கில் சிர்க்கானின் சாட்சியம்

எகிப்திய மன்னன் துட்டன்காமனின் மார்புப் பதக்கம் ஒன்றின் நடுவில், வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு வண்டு செதுக்கப்பட்டிருக்கிறது. 1922இல் அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர், அது கால்சிடனி வகைக் கல் என்றே நினைத்தார். பல பத்தாண்டுகள் கழித்துச் சோதித்துப் பார்த்தபோதுதான் அது கல்லே அல்ல, இயற்கையில் உருவான கண்ணாடி என்று தெரிந்தது. எகிப்தின் மேற்கு மூலையில், லிபிய எல்லையை ஒட்டிய மணற்கடலில், ஆயிரக்கணக்கான சதுர கி.மீ. பரப்பில் இந்தக் கண்ணாடித் துண்டுகள் இறைந்து கிடக்கின்றன. ‘லிபியப் பாலைவனக் கண்ணாடி’ என்று இதைச் சொல்வார்கள். வயது சுமார் 2 கோடியே 90 லட்சம் ஆண்டுகள்.

அவ்வளவு பரப்பில் மணலை உருக்கியது எது என்பதில்தான் நெடுநாள் சண்டை. பெரிய விண்கல் தரையில் மோதியது என்றார்கள் ஒரு சாரார். அப்படியானால் பள்ளம் எங்கே என்று கேட்டார்கள் மறு சாரார். விண்கல் தரையைத் தொடாமலேயே வானில் வெடித்துச் சிதறியது, அதன் வெப்பம் மட்டும் இறங்கி மணலை உருக்கியது என்பது அவர்கள் கட்சி. பள்ளத்தைத் தேடியவர்களும் சும்மா இருக்கவில்லை. செயற்கைக்கோள் படத்தில் தெரிந்த சுமார் 31 கி.மீ. அகல வட்டம் ஒன்றை 2006இல் ‘கெபிரா’ என்று பெயரிட்டு அறிவித்தார்கள். உலகம் முழுக்கச் செய்தி ஆனது. மோதலின் தடயம் எதுவும் அங்குள்ள பாறைகளில் கிடைக்காததால் அந்த உரிமைகோரல் நிலைக்கவில்லை. வட்டமாக இருப்பதெல்லாம் விண்கல் பள்ளம் ஆகிவிடாது. எரிமலையும் வட்டம் போடும், அரிப்பும் வட்டம் போடும்.

இந்த வழக்கில் 2019இல் புதிய சாட்சி ஒன்றைக் கூண்டில் ஏற்றினார்கள், ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகப் புவியியலாளர் ஏரன் கவோசியும் வியன்னா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் கோபெர்லும். அந்தக் கண்ணாடிக்குள் சிக்கியிருந்த சிர்க்கான் மணிகளே சாட்சி. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட்டோடு சேர்த்துப் பிரித்தெடுக்கிறார்களே, அதே சிர்க்கான்தான்.

புவியியலாளர்கள் இந்தக் கனிமத்தின் மேல் இவ்வளவு பற்று வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முற்றிலும் ஒதுக்கிவிடும். ஆகவே பின்னாளில் உள்ளே காணப்படும் ஈயம், யுரேனியம் சிதைந்து வந்ததாகவே இருக்கும். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த மணிகளுக்கு 440 கோடி ஆண்டு வரை வயது காட்டியது இந்தக் கணக்குத்தான். பூமியின் வயதே சுமார் 454 கோடி. கவோசியின் தொடக்ககால ஆய்வுகளும் அந்த மணிகளின் மீதுதான். அவற்றில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை வைத்து, 400 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமியில் நீர் திரவ நிலையில் இருந்திருக்க வேண்டும் என்று விவாதித்தவர்களில் அவரும் ஒருவர்.

வயதை மட்டுமல்ல, வாங்கிய அடியையும் சிர்க்கான் பதிந்து வைத்துக்கொள்கிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 3 லட்சம் மடங்கு அழுத்தம் வந்தால், அதன் அணுக்கள் இன்னும் நெருக்கமாக அடுக்கப்பட்டு ‘ரெய்டைட்’ என்ற வேறு கனிமம் ஆகிவிடும். பூமியின் மேற்பரப்பில் இயற்கையாக அப்படி அழுத்த விண்கல் மோதலைத் தவிர வேறு எதனாலும் முடியாது. சிக்கல் என்னவென்றால், சுமார் 1,200 டிகிரிக்கு மேல் சூடானால் ரெய்டைட் மறுபடியும் சிர்க்கானாகத் திரும்பிவிடும். உருகிய கண்ணாடியில் ரெய்டைட்டைத் தேடினால் கிடைக்காது. ஆனால், மடித்து வைத்த பட்டுச் சேலையைப் பிரித்துப் போட்டாலும் மடிப்புத் தடம் தெரிவதைப் போல, திரும்பிவந்த சிர்க்கானின் நுண்மணிகள் ஒன்றுக்கொன்று செங்குத்தான குறிப்பிட்ட திசைகளில் நிற்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தத் திசைகளை அளந்துவிடலாம். லிபியப் பாலைவனக் கண்ணாடியில் கவோசியும் கோபெர்லும் கண்டது இந்தத் தடத்தைத்தான்.

வானில் வெடிக்கும் விண்கல் ஜன்னல்களை உடைக்கும், காட்டைச் சாய்க்கும். 1908இல் சைபீரியாவின் துங்குஸ்காவில் சுமார் 2,000 சதுர கி.மீ. காடு சாய்ந்தது. 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில் சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால். ஆனால், எந்த வான்வெடிப்பாலும் தரையில் கிடக்கும் சிர்க்கானை ரெய்டைட்டாக அழுத்த முடியாது. எனவே எகிப்தில் நடந்தது தரை மோதல். பள்ளம் இன்னும் கிடைக்கவில்லை என்பது உண்மை. 2 கோடியே 90 லட்சம் ஆண்டுகளில் காற்றும் மணலும் எதைத்தான் விட்டுவைக்கும்?

இது வெறும் பழங்கதை ஆராய்ச்சி அல்ல. அந்தக் கண்ணாடி வான்வெடிப்பில் உருவானது என்று எடுத்துக்கொண்டால், நூறு மெகாடன் அளவில் வானில் வெடிக்கும் விண்கல், ஒரு மாவட்டப் பரப்பையே உருக்கிவிடும் என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கும். விண்கல் ஆபத்துக் கணக்குகளில் அந்த முன்னுதாரணம் கனமாக உட்கார்ந்திருந்தது. சிர்க்கானின் சாட்சியம் அதைத் தகர்த்துவிட்டது. வான்வெடிப்பு ஆபத்தை மிகைப்படுத்தியிருக்கிறோமா என்ற கேள்வியையே தங்கள் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார்கள் இருவரும். வான்வெடிப்பே ஆபத்தில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. செல்யாபின்ஸ்க் மக்களிடம் அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்!

இன்னொரு பக்கம், கதையை முன்னால் வைத்துக் கனிமத்தைப் பின்னால் தேடினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஜோர்டானில் உள்ள டெல் எல்-ஹம்மாம் என்ற பழம்பெரும் நகரம் வான்வெடிப்பில் அழிந்தது என்றும், பைபிள் சொல்லும் சோதோமின் கதைக்கு அதுவே வேராக இருக்கலாம் என்றும் 2021இல் ஒரு கட்டுரை வெளியாகிப் பரபரப்பானது. தொடர்ந்து எழுந்த விமர்சனங்களுக்குப் பிறகு, 2025இல் அந்த ஆய்விதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற செய்தி எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பது வேறு கதை.

சான்றுக்கு முன்னால் கதை ஓடக் கூடாது என்ற கண்டிப்பு கவோசியின் வட்டத்துக்குள்ளும் வேண்டியிருக்கிறது. 2025 மார்ச்சில் கர்ட்டின் பல்கலைக்கழகக் குழு ஒன்று, மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் 347 கோடி ஆண்டு பழைய மோதல் தடத்தைக் கண்டதாக அறிவித்தது. உலகின் மிகப் பழைய பள்ளம் அதுவே என்றார்கள். சில மாதங்களிலேயே புவியியலாளர் அலெக் பிரென்னர், கவோசி உள்ளிட்ட வேறொரு குழு அதே நிலத்தை நடந்து பார்த்து மறுத்தது. மோதலின் அதிர்ச்சியில் பாறையில் உண்டாகும் கூம்பு வடிவக் கீறல்கள், அங்கே 277 கோடி ஆண்டு வயதுள்ள எரிமலைப் பாறையிலும் இருந்தன. பிறக்காத பாறையில் எப்படி அடி விழும்? ஆகவே மோதல் அதற்குப் பிந்தையது. ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் பொதுவெளியில் மறுத்துக்கொண்டதை அவமானமாக நான் பார்க்கவில்லை. நம் பல்கலைக்கழகங்களில் இது அபூர்வம் என்பதுதான் உறுத்துகிறது.

இதனால் மிகப் பழைய பள்ளம் என்ற பட்டம் யர்ராபுப்பாவிடமே இருக்கிறது. அதுவும் மேற்கு ஆஸ்திரேலியாதான். கண்ணுக்குப் பள்ளம் என்று அங்கே எதுவும் தெரியாது. அடிபட்டு மறுபடிகமான சிர்க்கானையும் மோனசைட்டையும் வைத்து, 222.9 கோடி ஆண்டுகள் என்று 2020இல் கணித்தார்கள். பிழை வரம்பு வெறும் 50 லட்சம் ஆண்டு. கவோசியும் அந்தக் குழுவில் இருந்தார். அந்த மோதல் பனிப்படலத்தில் விழுந்து, நீராவியைக் கிளப்பி, பனியுகம் முடியக் காரணமாக இருந்திருக்கலாம் என்றும் அந்தக் கட்டுரை ஊகித்தது. பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி ஆனது அந்த ஊகம்தான். கனிமம் தேதியைச் சொன்னது; அன்று அங்கே பனி இருந்ததா என்பதை அது சொல்லவில்லை.

இந்தியாவுக்கும் இதில் வேலை உண்டு. விண்கல் பள்ளமான லோனார் ஏரியின் வயது சுமார் 52,000 ஆண்டு என்று நெடுங்காலம் எழுதிவந்தோம். 2011இல் ஆர்கான் முறையில் அளந்தபோது ஏறத்தாழ 5,70,000 என்று வந்தது. பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம்! மத்தியப் பிரதேசத்தின் தாலா பள்ளத்தின் நிலை இன்னும் மோசம். அதற்குச் சொல்லப்பட்டுவந்த வயது வரம்பு 170 கோடியிலிருந்து 250 கோடி ஆண்டு வரை நீள்கிறது. 2029 ஏப்ரல் 13 அன்று அபோபிஸ் குறுங்கோள் பூமியை சுமார் 32,000 கி.மீ. தொலைவில் கடக்கப்போகிறது, அதையொட்டித் தொலைநோக்கிகளுக்கும் விண்கலங்களுக்கும் பணம் புரளும், அது தேவையும்கூட. ஆனால், எவ்வளவு பெரிய கல் எத்தனை காலத்துக்கு ஒருமுறை விழுகிறது என்ற கணக்குக்கு, வயது தெரிந்த பள்ளங்கள் வேண்டும். தாலாவின் அடித்தளம் கிரானைட் வகைப் பாறை. சிர்க்கானுக்கு அங்கே பஞ்சமில்லை.