அம்மா போட்ட இரண்டு ஓட்டு

என் அம்மா எழுபத்துநான்கு வயது வாழ்ந்தாள். அத்தனை ஆண்டில் புதுச்சேரி நகராட்சிக்கு அவள் ஓட்டுப் போட்டது இரண்டே முறை: 1968-ல் ஒன்று, 2006-ல் இன்னொன்று. முதல் தடவை நான் ஆறு வயதுப் பிள்ளை. நெல்லித்தோப்பு மாதா கோயில் பக்கத்திலிருந்து வாக்குச்சாவடி வரை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டாம் தடவை நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வேறொரு வார்டில் எனக்குத் தேர்தல் வேலை. சாமான்களை ஒப்படைத்துவிட்டு இரவு வீடு திரும்பியபோது அம்மா விரல் மையைக் காட்டிச் சொன்னாள்: "முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு வந்திருக்குடி. அடுத்ததுக்கு நான் இருக்க மாட்டேன்." விளையாட்டாகத்தான் சொன்னாள். 2016-ல் போய்ச் சேர்ந்தாள். அடுத்தது இன்னும் வரவில்லை.

2006-ல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து, அவற்றுக்குக் கீழே கிராமப் பஞ்சாயத்துகள், எல்லாம் அன்றிலிருந்து அதிகாரிகள் கையில். 2025-ல் கணக்குப் போட்டால், முப்பத்தேழு வயதுக்குக் கீழே இருக்கும் புதுச்சேரிக்காரர் ஒருவர்கூடத் தன் ஊரின் நகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ ஓட்டுப் போட்டதில்லை. நான் பாடம் நடத்திய பிள்ளைகளில் பலருக்குக் கவுன்சிலர் என்பது தமிழ்நாட்டுச் செய்தியில் வரும் சொல்.

இதை உள்ளூர்ச் சங்கதி என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள். 2024 மே மாதம் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ராஜஸ்தான், திரிபுரா, ஆந்திரா மூன்றிலிருந்தும் உள்ளாட்சிப் பெண் பிரதிநிதிகளை அழைத்துப்போய் இந்தியா பெருமையோடு நிறுத்தியது. எங்கள் பஞ்சாயத்துகளில் 14 லட்சத்துக்கு மேல் பெண்கள் இருக்கிறார்கள், மொத்தத்தில் 46 விழுக்காடு என்று உலகத்துக்குச் சொன்னது. பொய்யில்லை, பெருமைப்பட வேண்டிய எண்தான். வளரும் நாடுகளில் இப்படி ஒரு சாதனை அரிது. அந்த 14 லட்சத்தில் புதுச்சேரியின் பங்கு சுழியம். 2030-க்குள் எட்ட வேண்டிய நிலைத்த வளர்ச்சி இலக்குகளில், உள்ளாட்சி இடங்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதும் ஓர் அளவுகோல். நாடு முழுவதற்கும் ஒரே எண்ணாகப் போகும்போது எங்கள் சுழியம் யார் கண்ணிலும் படாது.

1993-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஜூன் 1-ஆம் தேதி நகராட்சிகளுக்கான 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல், அதுவும் பழைய மன்றத்தின் காலம் முடிவதற்குள்; பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம். அடுத்த மாதமே, ஜூலை 9-ஆம் தேதி, பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதி செய்தது. அரசாங்கத்தின் எல்லா மட்டங்களிலும் பொறுப்பு வகிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்கிறது அதன் ஏழாவது பிரிவு. நாற்பது நாளுக்குள் உள்ளூருக்கு ஒரு வாக்குறுதி, உலகத்துக்கு ஒரு வாக்குறுதி. இரண்டையும் சேர்த்து எங்கள் ஊர்ப் பெண்கள் அனுபவித்தது 2006-லிருந்து 2011 வரை ஐந்தே ஆண்டு.

கடற்கரைச் சாலை மேரி கட்டடத்தைச் சொல்லாமல் இது முழுமையாகாது. பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மன்றம் அது. நகராட்சி என்ற சொல் அம்மா வாயில் கடைசிவரை வரவில்லை, அவளுக்கு எப்போதும் 'மேரி'தான். 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்தது. உலக வங்கிப் பணத்தில், பழைய வடிவம் மாறாமல் கட்டி எழுப்பினார்கள். 2021 பிப்ரவரியில் பிரதமர் வந்து திறந்துவைத்தார். சாயங்காலம் விளக்குப் போட்டால் கண்ணைப் பறிக்கும். சுற்றுலா வந்தவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். உலக அமைப்புகளால் எங்கள் மன்றத்துக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொடுக்க முடிந்தது. மன்றத்துக்கு உறுப்பினர்களை யார் கொடுப்பது? அதே 2021-ல் தேர்தல் தேதிகூட அறிவித்தார்கள். வார்டு ஒதுக்கீட்டில் குளறுபடி என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், அப்படியே நின்றது.

சரி, கவுன்சிலர் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை 2024 ஜூன் 11-க்கு அழைத்துப்போகிறேன். எங்கள் நெல்லித்தோப்பிலிருந்து கொஞ்ச தூரம்தான் ரெட்டியார்பாளையம் புதுநகர். காலையில் வீட்டுக் கழிவறைக்குப் போன ஒரு மூதாட்டி மயங்கி விழுந்தார். சத்தம் கேட்டுத் தூக்கப் போன மகளும் விழுந்தார். அதே தெருவில் பதினைந்து வயதுப் பள்ளி மாணவி ஒருத்தியும். பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியாக வீட்டுக்குள் ஏறிய நச்சுக்காற்று மூன்று பேரையும் கொண்டுபோனது. மூவரும் பெண்கள். சாக்கடை பொதுப்பணித் துறையின் பொறுப்பு, அதற்கும் நகராட்சித் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். கவுன்சிலர் இருந்திருந்தால் மூன்று உயிரும் பிழைத்திருக்கும் என்று நானும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது இறந்தவர்களை வைத்து வியாபாரம் செய்வது. ஆனால் நாள் முழுக்க வீட்டில் இருப்பவள்தான் நாற்றத்தை முதலில் உணர்கிறாள். அவள் போய்க் கதவைத் தட்ட, அதே தெருவில், அதே நாற்றத்தை மூக்கில் வாங்கும் ஒரு ஆள் வேண்டும். எங்கள் சந்திலும் மழைக்கு மழை சாக்கடை வாசலேறும். நான் மனுவோடு ஏறி இறங்கிய ஓர் அலுவலகத்தில், "இது எங்க செக்‌ஷன் இல்லம்மா" என்ற பதிலை மூன்று மாடியிலும் ஒரே மாதிரி கேட்டேன்.

பெண் பதவியில் இருந்தால் மாற்றம் வரும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. பாரிஸில் பிறந்து பின்னால் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டூஃப்லோ, ராகபேந்திர சட்டோபாத்யாயோடு சேர்ந்து மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பஞ்சாயத்துகளை ஆராய்ந்து 2004-ல் எழுதினார். தலைமை பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவாகியிருந்தது. பெண்கள் எதைப் பற்றிப் புகார் சொல்கிறார்களோ அங்கே பணம் போயிருக்கிறது.

"பேருக்குத்தான் பொம்பளை, நாற்காலியில் புருஷன்" என்பார்கள். உண்மைதான், 2006-ல் நானே பார்த்தேன். ஒரு பெண் வேட்பாளரின் சுவரொட்டியில் அவர் படம் தபால்தலை அளவு, கணவர் படம் ஆளுயரம். ஜெயித்த பிறகு முதல் ஆண்டு எல்லாக் கூட்டத்துக்கும் கணவர்தான் வந்தார். மூன்றாம் ஆண்டில் அந்தம்மா மார்க்கெட்டில் நின்று கான்ட்ராக்டரை விரட்டுவதையும் பார்த்தேன். நீச்சல் கற்றுக்கொள்ள ஐந்து ஆண்டு கிடைத்தது. கரையேறுவதற்குள் குளத்தையே மூடிவிட்டார்கள்.

மூடியவர் யார்? ஒரு கட்சியைக் கைகாட்ட வழியில்லை. 2011-க்குப் பிறகு என்.ஆர். காங்கிரஸ் ஆண்டது, காங்கிரஸ் ஆண்டது, 2021-ல் என்.ஆர். காங்கிரஸ் – பாஜக கூட்டணி ஆட்சிக்கு வந்தது. துணைநிலை ஆளுநர்கள் மாறினார்கள். இதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே மனது. என் கணக்கு எளிது. 2021-ல் பத்து லட்சம் வாக்காளர், முப்பது தொகுதி, ஓர் எம்.எல்.ஏ.வுக்கு முப்பத்துமூன்றாயிரம் பேர் சொச்சம். பெரிய மாநகராட்சிகளில் ஒரு கவுன்சிலருக்கே இவ்வளவு பேர் உண்டு. இங்கே தெருவிளக்கும் வாய்க்காலும்தான் எம்.எல்.ஏ.வின் அரசியல். வார்டில் ஒருத்தி வந்து அதைச் செய்து பெயர் வாங்கிவிட்டால் அடுத்த தேர்தலில் அவள் எங்கே நிற்பாள் என்பது அவருக்குத் தெரியும்.

சட்டமன்றத்துக்கும் உள்ளாட்சிதான் ஏணி. ஏணி இல்லாத வீட்டில் மாடிக்குப் போனவர் எத்தனை பேர்? புதுச்சேரியில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்களே அதிகம். 2021-ல் முப்பது தொகுதியில் வென்ற பெண் ஒருவர், நெடுங்காடு தனித்தொகுதியின் சந்திர பிரியங்கா. ரேணுகா அப்பாதுரைக்குப் பிறகு சுமார் நாற்பது ஆண்டு கழித்து வந்த பெண் அமைச்சர். 2023 அக்டோபரில் அவரும் வெளியேறினார்; சாதியாலும் பாலினத்தாலும் தாக்கப்படுவதாகக் கடிதத்தில் எழுதிவைத்துவிட்டு. சந்திராவதி, ராஜேந்திர குமாரி பாஜ்பாய், ரஜனி ராய், கிரண் பேடி, தமிழிசை என்று துணைநிலை ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸில் பெண்கள் வரிசையாக இருந்திருக்கிறார்கள். டெல்லி அனுப்பினால் பெண் வரலாம், நாங்கள் தேர்ந்தெடுத்தால்தான் வர மாட்டேனென்கிறாள். சட்டமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு தருவதாக 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச்சேரிக்கும் சட்டம் செய்தது. கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை எல்லாம் முடிந்த பிறகாம்.

முத்தியால்பேட்டையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம். அங்கே 2022-ல் தேர்தல் நடந்தது, பாதி இடம் பெண்களுக்கு. நம்மைவிட ஏழை நாடான நேபாளத்தில் 2017 முதல் ஒவ்வொரு வார்டிலும் இரண்டு பெண்கள், அதில் ஒருவர் தலித். இன்னொரு வேடிக்கை: பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள எங்கள் ஊர்க்காரர்கள் 2022 ஏப்ரலில் இங்கேயே வரிசையில் நின்று பிரான்ஸ் அதிபருக்கு ஓட்டுப் போட்டார்கள். பாரிஸில் யார் உட்கார வேண்டும் என்று சொல்லலாம், பக்கத்துத் தெரு வாய்க்காலைப் பற்றிச் சொல்ல முடியாது.

என்னை உலுக்கியது இலங்கைதான். அங்கே பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு இடத்தோடு முதல் உள்ளாட்சித் தேர்தல் 2018-ல் நடந்தது. அடுத்தது 2023-ல் நடந்திருக்க வேண்டும். நாடு திவாலாகிக் கிடந்தது, பணம் இல்லை என்று தள்ளிவைத்தார்கள். பெட்ரோலுக்கே காசில்லாமல் தவித்த நாடு, காரணம் கொஞ்சம் நியாயமாகவே தெரியும். ஆனாலும் 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்புச் சொன்னது. அப்போது அதிபராக இருந்த ரணில் விக்கிரமசிங்கவையும் விட்டுவைக்கவில்லை. 2025 மே 6-ல் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ்ப் பெண்கள் நின்றார்கள். ஓட்டாண்டியான நாட்டில் இரண்டாண்டுத் தாமதம் மனித உரிமை மீறல். மேரிக்கு மின்விளக்கு அலங்காரம் செய்யும் ஊரில் பதினான்கு ஆண்டுக்கு மேலான தாமதத்துக்கு என்ன பெயர்? இங்கே அதை நிர்வாகச் சிக்கல் என்கிறார்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். 2006-ல் எட்டாம் வகுப்பில் இருந்தவள். இப்போது எங்கள் சந்திலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். சாக்கடைக்காகத் தெருப் பெண்கள் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி ஒரு மனு எழுதியிருந்தாள். பிழை பார்த்துக் கொடுங்கள் என்றாள். இரண்டு ஒற்றுப்பிழை மட்டும்தான், திருத்தினேன். அனுப்புநர், பொருள், தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெறுநர் என்ற இடத்துக்குக் கீழே மட்டும் மூன்று வரி காலியாக விட்டிருந்தாள்.

"டீச்சர், இதை யாருக்குன்னு போடட்டும்?"