அவளுக்கும் ஓர் எண் இருந்தது

பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' பாடலை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் அரியர். பிஜித் தீவின் கூலிப் பெண்களுக்காக மாணவரைக் கண்கலங்கச் செய்திருக்கிறோம். ஆனால் அப்பெண்களுள் ஒருத்தியின் பெயர் என்ன, ஊர் எது, தந்தை யார் என்று நாம் கேட்டதில்லை. இரக்கத்தோடு கடமை முடிந்தது என்றிருந்துவிட்டோம்.

கேட்டால் விடை கிடைக்கக்கூடும். பிஜிக்கு முன்பே ஒப்பந்தக் கூலிகளைப் பெற்ற தென்னாப்பிரிக்க நேட்டாலை எடுத்துக்கொள்வோம். 1860 முதல் 1911 வரை அங்குச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னையில் கப்பலேறியவர்கள். அக்கப்பல்களின் பட்டியல்கள் இன்றும் உள்ளன. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடல் அடையாளம் என ஆளுக்கொரு வரி. கணவனுக்கு ஓர் எண், மனைவிக்கு வேறோர் எண், குழந்தைக்கும் ஓர் எண்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வாறு சென்ற ஓர் இணையரின் வழிவந்தோர், இன்று தம் வேரைத் தேடும்போது குடும்பப் பெயரிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகின்றனர். கவுண்டர் அங்கே 'கோவெண்டர்' ஆனார்; முதலியார் 'மூட்லி' ஆனார். அவ்வழியே சென்றால் தாத்தாவைச் சேரலாம். பாட்டி வெறும் பாட்டியாகவே நின்றுவிடுவாள். இக்குறை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. தம் கொள்ளுப்பாட்டியின் தந்தை பெயரைச் சொல்லக்கூடியவர் நம்முள் எத்தனை பேர்?

குடும்பம் மறந்த அப்பெயருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு கட்டம் உண்டு. பரிவினால் எழுதப்பட்டதன்று அது. அவளும் கணக்கில் வரவேண்டிய ஒரு வேலையாள், அவ்வளவே. முதலாண்டில் ஆணுக்கு மாதக் கூலி 10 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்கினால் 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைக்கு ஆண்டுதோறும் 3 பவுன் வரி. அதாவது 60 ஷில்லிங். அவளுடைய முதலாண்டுக் கூலி முழுவதும். கூலியில் அரை ஆளாகவும் வரியில் முழு ஆளாகவும் அவள் எண்ணப்பட்டாள். 1913இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்போ, கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்றது. அடுத்த ஆண்டு நிவாரணச் சட்டம் வரும்வரை, சேர்ந்து உழைத்த இருவரும் சட்டத்தின் கண்ணில் தம்பதியரே அல்லர்.

ஆகவே தேடலை மனைவியின் எண்ணிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து. இதில் தமிழ்த்துறைகளுக்கும் ஒரு பங்குண்டு. எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயரில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். 'வட ஆர்க்காடு' என்றிருந்தால் இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் மட்டும் தேடினால் போதாது. 1911இல் தனி மாவட்டமாகும்வரை சித்தூர்ப் பகுதியும் அதில் அடங்கியிருந்தது. டர்பனில் இருந்துகொண்டு இதனைத் தெளிவது கடினம். ரா.பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' நூலைப் பாடமாகப் பயின்ற நமக்கு அது இயலும்.

ஊர்ப்பெயராய்வு என்று ஆண்டுதோறும் ஒரே வகை ஆய்வேடுகளை எழுதுவிப்பதைவிட, ஒரு கப்பலின் பட்டியலை ஒரு மாணவரிடம் கொடுத்து, அதிலுள்ள பெண்களின் ஊர்களை மட்டுமாவது கண்டறியச் சொல்லலாம். பாரதி பாடிய பெண்களுக்கு நாம் செய்யக்கூடியது இன்னும் மிச்சமிருக்கிறது.