எட்டாண்டு அடைபட்ட இருப்புப்பாதை

ஆனி, ஆடித் திங்கள்களில் குற்றாலச் சாரலை நாடித் தொடர்வண்டியில் வருவோர் தென்காசியிலேயே இறங்குவர். கொல்லத்திலிருந்து மலை கடந்து அங்கு வரும் வழி 2010-இல் அடைக்கப்பட்டது. புனலூர்க்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 30 கல் தொலைவுக் குறும்பாதையை அகலப்பாதையாக்குதற்கே அவ்வடைப்பு. முழுவழியும் மீளத் திறக்கப்பட்டதோ 2018-இல்! அடைத்த ஆண்டில் முதல் வகுப்பிற் சேர்ந்த சிறுவன், திறந்த ஆண்டில் எட்டாம் வகுப்பை முடித்திருந்தான்.

அகலப்பாதை வேண்டா என எவரும் கூறார். 1904-இல் வண்டியோடத் தொடங்கிய அக்குறும்பாதை காலத்துக்கு ஒவ்வாததே. மலையைக் குடைந்த வழிகளும், கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலமும் உள்ள தடத்தில் வேலை எளிதுமன்று. ஆயினும், அவ்வெட்டாண்டும் எளியோர் எவ்வாறு சென்றனர்? மலைச்சாலை வளைவுகளில், பேருந்துக்குக் கூடுதற் கட்டணம் கொடுத்தன்றோ சென்றனர்! பாதையின் பயன் அனைவர்க்கும். அதன் சுமை மட்டும் மூட்டை தூக்கும் சிறுவணிகர்க்கும் கூலியாளர்க்குமா?

பாதைப்பணிகள் இத்தோடு நின்றுவிடா. ஆதலின், துறையினர் இனியேனும் மூன்று செய்தல் வேண்டும். ஒன்று, மூடுமுன்னரே திறக்கும் நாளைத் தெளிதமிழில் நிலையந்தோறும் எழுதி வைத்தல். இரண்டு, தொடர்வண்டிக் கட்டணத்திலேயே மாற்றுப் பேருந்து விடுதல். மூன்று, முடிந்த பகுதியை முடிந்தவுடனே திறத்தல்.

பாதையைப் பெயர்க்கும் உரிமை துறைக்குண்டு. மக்களின் பிழைப்பைப் பெயர்க்கும் உரிமை எவர்க்குமில்லை!