புளியமர ஏலமும் அம்ரிதாவின் கித்தானும்

61.8 கோடி ரூபாய். 2023 செப்டம்பரில் டில்லியில் சாஃப்ரன் ஆர்ட் நிறுவனம் நடத்திய ஏலத்தில் அம்ரிதா ஷெர்கில்லின் ‘கதைசொல்லி’ என்னும் ஓவியம் போன விலை இது. அவர் 1937-இல் தீட்டியது. அதுவரை எந்த இந்திய ஓவியமும் ஏலத்தில் இந்தத் தொகையைத் தொட்டதில்லை. ஓவியம் என்றால் புத்தக அட்டைக்கு ஆவது என்பதற்கு மேல் யோசிக்காத நம் இலக்கியச் சூழல்கூட அந்த வாரம் விழித்துக்கொண்டது. இருபத்தெட்டு வயதில் மறைந்த ஒரு கலைஞிக்கு எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்தாவது அங்கீகாரம் கிடைத்ததே என்று நண்பர்கள் நெகிழ்ந்தார்கள். இந்த நெகிழ்ச்சியோடுதான் எனக்குச் சண்டை.

விலை அங்கீகாரம் அல்ல. அம்ரிதாவைப் பொறுத்தவரை அந்தச் சொல்லே பொருந்தாது. 1933-இல், இருபது வயதில், பாரிஸின் கிராண்ட் சலோன் அவரை இணை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1954-இல் தேசிய நவீனக் கலைக்கூடம் டில்லி ஜெய்ப்பூர் மாளிகையில் திறக்கப்பட்டபோது அவருடைய ஓவியங்களே அதன் உயிர்நாடியாக இருந்தன. ஏலச் சுத்தியல் தட்டித்தான் அவர் யாரென்று தெரிய வேண்டும் என்ற நிலை அவருக்கு என்றும் இருந்ததில்லை. நமக்கு இருந்தது என்றால் அது நம் பிரச்சினை. அந்த விலைச் சாதனையும் 2025 மார்ச்சில், நியூயார்க் கிறிஸ்டீஸில் ஹுசேனின் 1954-ஆம் ஆண்டு ஓவியம் ஏறத்தாழ 118 கோடிக்குப் போனபோது முறிந்துவிட்டது. அப்படியானால் அம்ரிதாவின் அங்கீகாரம் அன்றைக்குக் குறைந்துவிட்டதா?

நான் இருக்கும் ஓட்டப்பிடாரம் பக்கத்தில் ஏலம் புதிய விஷயம் அல்ல. ஊர்ப் புளியமரங்களின் காய்ப்பு ஏலம் போகும். கண்மாய் வற்றும் தறுவாயில் மீன் ஏலம் போகும். ஊர் கூடி நிற்க, கேள்வி ஏறி ஏறிக் கடைசிக் குரலில் முடியும். அந்தப் பணம் ஊர்ப்பொதுவுக்கு வந்து கோயில் கொடைக்கோ கண்மாய் மராமத்துக்கோ ஆகும். மரம் ஊரிலேயே நிற்கும். அதன் நிழலும் ஊருக்குத்தான். ஓவிய ஏலத்தில் இவை எல்லாமே தலைகீழ். விற்பவர் யார் என்பது பெரும்பாலும் வெளியே வராது, வாங்குபவர் தொலைபேசிக்கு மறுமுனையில் இருப்பார். பணம் விற்றவருக்கும் ஏல நிறுவனத்துக்கும் போகும், பொருள் பூட்டிய அறைக்குப் போகும். நம் மிளகாய்வற்றல் விவசாயிக்கு இதில் ஒரு பகுதி உடனே புரியும். சரக்கு விளைவித்தவன் கையை விட்டு இறங்கிய பிறகுதான் விலை ஏறத் தொடங்கும் என்பது கமிஷன் கடை வாசலில் அவன் படித்த பாடம்.

ஆனால் இந்த 61.8 கோடி எப்படி உருவானது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அற்பாயுளில் போன கலைஞர்களின் படைப்புகள் எண்ணிக்கையில் குறைவு. அம்ரிதா தீவிரமாக வரைந்த காலமே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். 1941 டிசம்பரில் லாகூரில் அவர் இறந்த பிறகு, கணவர் விக்டர் ஏகனும் தந்தை உம்ராவ் சிங்கும் தங்களிடம் இருந்த ஓவியங்களில் பெரும்பகுதியை அரசுக்கு அளித்தார்கள். நூறு எண்ணிக்கையை ஒட்டிய ஒரு தொகுதி இன்று தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவை விற்பனைக்கு வராது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின் கீழ் அவருடைய படைப்புகள் 1976-இல் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. தாகூர், ஜாமினி ராய், ரவிவர்மா உள்ளிட்ட ஒன்பது பேருக்கே இந்த நிலை உண்டு. அவர்களுடைய ஓவியங்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. உள்நாட்டில் யாரும் யாருக்கும் விற்கலாம். எனவே சந்தைக்கு வரக்கூடிய அம்ரிதா ஓவியங்கள் சொற்பம், அவற்றைத் துரத்தும் செல்வந்தர்களோ அதிகம். ‘லேடீஸ் என்க்ளோஷர்’ 2021-இல் 37.8 கோடிக்குப் போனது. இரண்டே ஆண்டுகளில் ‘கதைசொல்லி’ அதையும் தாண்டியது.

இதில் உள்ள முரணை யாரும் பேசுவதில்லை. ஒரு குடும்பம் பொதுமக்களுக்கு என்று மனமுவந்து கொடுத்தது. அந்தக் கொடைதான் சந்தையில் பற்றாக்குறையை உண்டாக்கியது, அந்தப் பற்றாக்குறைதான் கொடுக்காமல் வைத்திருந்தவர்களின் கையிருப்புக்குக் கோடிகளைச் சேர்த்தது. பொதுவுக்கு வந்த செல்வம் தனியார் இலாபத்துக்கு மதிப்பீட்டுச் சான்றிதழாகிவிட்டது. பதிலுக்குப் பொதுவுக்கு என்ன வந்தது என்று கேட்டால், விற்பனைக்கு உரிய வரி வந்தது. அவ்வளவே.

வாங்குபவர்கள் ஓவியத்தைப் பாதுகாக்கிறார்களே, அரசுக் கிடங்கில் கரையான் அரிப்பதைவிட இது மேல் அல்லவா என்று ஒரு வாதம் வரும். பாதி உண்மை. ஹுசேனின் அந்த ஓவியத்தை வாங்கியவர் டில்லியில் அருங்காட்சியகம் நடத்தும் கிரண் நாடார் என்று செய்திகள் வந்தன. அங்கே அது மக்கள் பார்வைக்கு வரும். அப்படிப்பட்டவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் அது வாங்குபவரின் பெருந்தன்மையே தவிர ஏலத்தின் விதி அல்ல. வான்கோவின் ‘மருத்துவர் காஷே’ உருவப்படம் 1990-இல் 8.25 கோடி டாலருக்கு ரியோயெய் சைட்டோ என்ற ஜப்பானியத் தொழிலதிபரிடம் போனது. அன்று உலகிலேயே அதிக விலை பெற்ற ஓவியம் அது. அதன் பிறகு பொதுமக்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. தாம் இறந்தால் ஓவியத்தையும் தம்மோடு எரித்துவிட வேண்டும் என்று சைட்டோ சொன்னதாகப் பெரிய கூச்சல் எழுந்தது, வேடிக்கையாகச் சொன்னது என்று விளக்கமும் வந்தது. எரிக்கவில்லைதான். நம்மைப் போன்ற பார்வையாளனுக்கு அதனால் என்ன வித்தியாசம்?

அரசு மட்டும் யோக்கியமா என்றால் இல்லை. 1936 இறுதியில் அம்ரிதா தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அஜந்தா, எல்லோரா, ஹைதராபாத், திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி என்று நீண்ட அந்தப் பயணம்தான் அவருடைய கலையைத் திருப்பிப்போட்டது. பாரிஸில் கற்ற கையை அஜந்தாவின் சுவர்களும் மட்டாஞ்சேரியின் சுவர்களும் தென்னாட்டு மனிதர்களின் கறுத்த மேனியும் மாற்றின. ஊர் திரும்பி அவர் தீட்டிய ‘மணமகளின் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ ஆகிய மூன்றும் அந்தப் பயணத்தின் விளைச்சல். முதல் இரண்டும் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. அதாவது நமக்குச் சொந்தமானவை. நம்மைப் பார்த்து வரையப்பட்டவையும்கூட. கோவில்பட்டியிலோ தூத்துக்குடியிலோ ஓவியம் பயிலும் ஒரு பையன் அவற்றைப் பார்க்க டில்லிக்கு இரண்டு நாள் ரயில் ஏற வேண்டும். தேசியக் கலைக்கூடத்துக்கு மும்பையிலும் பெங்களூரிலும் கிளைகள் உண்டு. தமிழ்நாட்டில் இல்லை. 61.8 கோடி பற்றி உருகிய பக்கங்களில் இதைப் பற்றி ஒரு வரி உண்டா?

கரிசல் பூமிக்கு ஓவியமே வந்ததில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வந்தது, வேறு வழியில். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் நிலைகொண்டவர் சி. கொண்டையராஜு (1898–1976). அவரும் டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலிய சீடர்களும் எழுதிய மீனாட்சி கல்யாணமும் முருகனும் இலட்சுமியும் சிவகாசி அச்சகங்களின் வழியே காலண்டராகி, ஏலமே இல்லாமல், விலையே இல்லாமல், மளிகைக்கடைக்காரரின் புத்தாண்டுக் கொடையாக ஒவ்வொரு வீட்டுச் சுவருக்கும் போயின. அது நவீன ஓவியமா என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். அந்த வம்பு இங்கே வேண்டாம். நான் சொல்வது வேறு. ஒரு படம் கண்ணில் பட்டால்தான் அது படம் என்பதைக் கோவில்பட்டி அறிந்திருந்தது. சந்தை அதை மறக்கச் சொல்கிறது.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். அற்பாயுளில் போன நவீன ஓவியர் தமிழுக்கும் ஒருவர் உண்டு. கே. இராமானுஜம். சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரின் அரவணைப்பில் வளர்ந்தவர். பேச்சு திக்கியதால் பரிகாசத்துக்கு ஆளானவர். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது அங்கே குடியேறி, மனம் நொந்து, 1973-இல் முப்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டவர். பேனாவும் மையும் கொண்டு அவர் எழுப்பிய நகரங்களை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. கோபுரமா அரண்மனையா நாடகத் திரையா என்று சொல்ல முடியாத கட்டடங்கள், சிறகு முளைத்த மிருகங்கள், ஊர்வலங்கள். நடுவே தொப்பி அணிந்த ஒரு சிறிய மனிதர், அவரேதான். தம்மை உள்ளே விடாத ஊருக்குப் பதிலாகத் தாமே ஓர் ஊர் கட்டி அதில் உலாப் போனவர் என்றுதான் நான் அவரைப் புரிந்துகொள்கிறேன்.

அன்று சோழமண்டலத்தில் கலைஞர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று வயிறு கழுவி, மிஞ்சிய நேரத்தில் வரைந்தார்கள். இன்று இராமானுஜத்தின் கோட்டோவியங்கள் கிறிஸ்டீஸ், சாஃப்ரன் ஆர்ட் பட்டியல்களில் வருகின்றன. அவருடைய தனிமையும் மனநோவும் சாவும் ஓவியத்தைப் பற்றிய குறிப்பில் தவறாமல் இடம்பெறும். கோட்டைப் பற்றி இரண்டு வரி, துயரத்தைப் பற்றி ஒரு பத்தி. துயரம் விலை ஏற்றும் என்பது தரகர்களுக்குத் தெரியும். நாமும் நம் அஞ்சலிக் கட்டுரைகளில் இதையேதான் செய்து வந்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுமைப்பித்தனின் காசநோயைப் பற்றி எழுதிய பக்கங்களை அவருடைய வாக்கிய அமைப்பைப் பற்றி எழுதிய பக்கங்களோடு நிறுத்துப் பாருங்கள்.

இலக்கியவாதிகள் அவசியம் அறிய வேண்டிய ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 53அ. ஓர் ஓவியத்தின், சிற்பத்தின், கோட்டோவியத்தின் மூலப்படி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அந்தத் தொகையில் கலைஞருக்கோ சட்டப்படியான வாரிசுக்கோ பங்கு உண்டு. உச்சவரம்பு பத்து விழுக்காடு. எழுத்தாளரின் மூலக் கையெழுத்துப் பிரதிக்கும் இது பொருந்தும். இடைசெவலில் கு. அழகிரிசாமியோ கி.ரா.வோ எழுதிய ஒரு கதையின் கைப்பிரதி நாளை ஏலத்துக்கு வந்தால் அதற்கும்தான். பிரான்சில் இப்படியொரு உரிமை 1920 முதலே இருக்கிறது, அங்கே அது நடைமுறை. இங்கே பெரிதும் ஏட்டில் உறங்குகிறது.

இந்த உரிமை பதிப்புரிமைக் காலம் முடியும்வரைதான், அதாவது இறப்புக்குப் பின் அறுபது ஆண்டுகள். (ஐம்பதாக இருந்ததை அறுபதாக்கியது 1941-இல் மறைந்த தாகூரின் எழுத்துகளுக்காக. அதே ஆண்டில் மறைந்த அம்ரிதாவுக்கும் அது தானாக வாய்த்தது.) அம்ரிதாவுக்கு 2001 முடிவோடு காலம் தீர்ந்துவிட்டது. எனவே 61.8 கோடியில் அவர் பெயரால் யாருக்கும் ஒரு ரூபாய் உரிமையும் இல்லை. இராமானுஜத்துக்கு அப்படியல்ல.

எட்டயபுரத்துக்காரர் ஒருவரும் இப்படித்தான் முப்பத்தெட்டு வயதில் போனார். அவருடைய எழுத்து பொதுச்சொத்தாக வேண்டும் என்று அன்றைய எழுத்தாளர்கள் சண்டை போட்டார்கள், 1949-இல் அரசு பாரதியின் உரிமையை வாங்கியது. எழுத்தை எத்தனை படியும் அச்சிடலாம். ஓவியத்துக்கு மூலம் ஒன்றுதான் என்பதால் இங்கே சண்டை இன்னும் கடினமானது. ஏலத்துக்கு வரும் இராமானுஜத்தின் கோட்டோவியங்களில் சிலவற்றையாவது தமிழக அரசு போட்டியிட்டு வாங்க வேண்டும். தேசியக் கலைக்கூடத்திடமிருந்து அம்ரிதாவின் தென்னிந்திய ஓவியங்களை இரவல் பெற்று மாவட்ட அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுவர வேண்டும். 53அ பிரிவைச் சுட்டி, தமிழ்க் கலைஞர்களின் மறுவிற்பனைகளுக்குக் கணக்குக் கேட்க வேண்டும். அடுத்த சாதனை விலைக்கு ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் முன் இந்த மூன்றையும் நம் இதழ்கள் எழுதட்டும். இராமானுஜத்தைப் பொறுத்தவரை அந்தப் பங்குரிமை 2033 டிசம்பர் 31 வரை உயிரோடு இருக்கிறது.