வரவு அவர்களுக்கு, கழிவு நமக்கு

'முதலில் வளருங்கள், அப்புறம் சுத்தம் செய்துகொள்ளலாம்.' ஏழை நாடுகளுக்குப் பொருளாதார மேதைகள் சொல்லிவரும் புத்திமதி இது. 1991இல் கிராஸ்மன், குரூகர் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள், வருமானம் உயரும்போது சில மாசுகள் ஏறி, ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்குவதாகக் காட்டினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எல்லாம் தானாகவே இறங்கிவிடும் என்று பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

அதே வருசம் டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞர் லாரன்ஸ் சம்மர்ஸ் கையெழுத்தோடு ஒரு குறிப்பு சுற்றுக்கு வந்தது. கூலி மிகக் குறைந்த நாட்டில் நச்சுக் கழிவைக் கொட்டுவதில் பொருளாதாரத் தர்க்கப்படி தப்பே இல்லை என்றது அது. அங்கே ஒருத்தன் செத்தால் நட்டமாகும் வருமானம் குறைவாம்! விசயம் வெளியே வந்ததும் 'கிண்டலுக்கு எழுதியது' என்றார்கள். கிண்டலோ நெசமோ, நடப்பது அதுதான். பாலாற்றங்கரையில் போய்ப் பாருங்கள்.

ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட ஊர்கள் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. 1973இல் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. முடித்த தோலாக விற்றால் அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. செலாவணி கூடியது, குரோமியமும் கூடியது. அந்தக் காலத்தில்தான் மேலை நாடுகளில் சுற்றுச்சூழல் சட்டங்கள் இறுகின. நாறுகிற வேலை இங்கே வந்தது, பளபளக்கிற செருப்பு அங்கே போனது. அந்தச் செருப்பின் விலையில் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் விலை சேர்ந்திருக்கிறதா?

வங்கிப் பேரேடு எழுதுகிறவனுக்கு ஒன்று தெரியும்: ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் யாரோ ஒருத்தர் பற்று. முதலாளி கட்டாத செலவு ஆவியாகிப் போவதில்லை. அது ஆற்றின் தலையிலும், கடைசியில் சேரியின் தலையிலும் எழுதப்படுகிறது.

1991இல் உச்சநீதிமன்றம் போன வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவனே செலவைக் கட்டவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம் என்றார்கள். தோல் பட்டறைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ பாழ்பட்டது அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போடவேண்டியிருந்தது. இடையில் 28 வருசத்துக்கு மேல். வளைகோடு தானாக இறங்குகிற லட்சணம் இதுதான்.

நிலம் கெட்டவனுக்கு நட்ட ஈடு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பட்டாவைப் பார்த்தே ஈடு கணக்கிட்டால், அந்த நிலத்தில் நாற்று நட்டவளுக்கு என்ன? நிலம் செத்த அன்றைக்கே அவள் கூலியும் செத்தது. பட்டா இல்லாதவளுக்கு நட்டமே இல்லை என்று எந்தச் சட்டம் சொல்கிறது? சாதி சொல்கிறது. நிலம் யாருக்கு என்று சாதி முன்பே எழுதிவைத்த கணக்கைத்தான் அதிகாரி நகலெடுக்கிறான்.

வயல்கூலி போனவர்கள் எங்கே போவார்கள்? பட்டறைக்குத்தான். செத்த மாட்டுத் தோலைத் தொட்டதால் தீண்டத்தகாதவன் என்றது ஊர். அதே தோல் டாலராகிறபோது யாருக்கும் தீட்டில்லை. சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவனுக்கு மட்டும் தீட்டு அப்படியே இருக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் பிழைக்க வந்த வங்காளத்துக்காரர்கள். எங்களைவிட மலிவான உயிர் கிடைத்தால் மூலதனம் அதைத் தேடிப்போகும்.

'பட்டறையை மூடினால் சோறு யார் போடுவார்?' என்று நம்மிடமே கேட்கிறார்கள். மூடச் சொல்லவில்லை. பசியா விசமா, ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறாயே, அந்தப் பேரத்துக்குத்தான் நாங்கள் உடன்படவில்லை. சுத்திகரிப்புச் செலவை விலையில் ஏற்று. வாங்குகிற வெள்ளைக்காரக் கம்பெனியிடம் கேட்டு வாங்கு. நட்ட ஈட்டுப் பட்டியலில் கூலிக்காரர் பெயரை எழுது. குடிக்க நல்ல தண்ணீரை முதலில் சேரிக்குக் கொண்டுவா. கழிவுக்குழியில் மனிதனை இறக்காதே.

இது கருணை மனு இல்லை தோழர்களே, பாக்கி வசூல்.