வருவோருக்குத் திறந்த கதவு, போவோருக்குப் பூட்டு

வெளிநாட்டு மாணவர்களுக்காக 25 விழுக்காடு வரை கூடுதல் இடங்களை உருவாக்கிக்கொள்ள 2022இல் யுஜிசி உயர்கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி தந்தது. கூடுதல் இடம்தானே, இட ஒதுக்கீட்டுக்குப் பாதிப்பில்லை என்கிறார்கள். ஆனால் அரசு நிறுவனங்களில் விடுதி, ஆய்வகம், ஆசிரியர் எல்லாம் மக்கள் வரிப்பணம். வசதி போதுமா என்பதை நிறுவனமே முடிவு செய்துகொள்ளும். அந்த இடம் காலியாகக் கிடந்தாலும் எங்கள் பிள்ளைக்குக் கிடையாது.

அதே 2022இல்தான், தலித் மாணவர்களை வெளிநாட்டில் படிக்க வைக்கும் தேசிய உதவித்தொகைத் திட்டத்தில் ஒன்றிய அரசு கைவைத்தது. ஆண்டுக்கு மொத்தமே 125 இடம், பட்டியல் சாதியினருக்கு 115. வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள். இத்தனையும் தாண்டி வந்தவரிடம், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றி ஆய்வு செய்யாதே என்றது. பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா சென்ற அம்பேத்கர் 1916இல் அங்கே வாசித்த கட்டுரை சாதியைப் பற்றியதுதான். இன்றைய விதி அவரையும் தடுத்திருக்கும்.

வெளிநாட்டு மாணவர்களை நாங்கள் எதிர்க்கவில்லை. நிறத்தைக் காட்டி ஆப்பிரிக்க மாணவர்களை ஒதுக்கும் நாட்டில் அவர்களின் வலி எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கூடுதல் இடம் திறக்கும் முன், நிரப்பப்படாத இட ஒதுக்கீட்டு ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, விடுதி அறைகள் எத்தனை என்று ஒவ்வொரு நிறுவனமும் வெளியிடட்டும். அதை அரசு சரிபார்க்கட்டும். கண்காணிக்க வேண்டியது நிறுவனங்களை. எங்கள் பிள்ளைகளின் ஆய்வுத் தலைப்பை அல்ல.